பெயர் போடாத செய்தி

அந்தச் செய்தியை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் எழுதினேன். டியூஷன் வகுப்புக்குப் போவதற்கு முன்னால் கிடைத்த முக்கால் மணி நேரத்தில், சோற்றுக்கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, போனிலேயே தட்டி அனுப்பினேன். அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு மாத்தளையிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். மற்ற நேரத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்.

அன்று காலை எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் போன் பண்ணி, ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒருவரைக் குடித்துவிட்டு ஓட்டியதற்காகப் பொலிஸ் பிடித்துவிட்டது, வேன் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று சொன்னார். பஸ் ஏறிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முன்மேசையில் இருந்த கான்ஸ்டபிள் சிங்களத்தில் சுருக்கமாகச் சொன்னார். ஆமாம், குடித்திருக்கிறாரா என்று பார்க்கப் பலூன் ஊத வைத்தோம், நிறம் மாறியது, டாக்டரிடம் அனுப்பியிருக்கிறோம். பதினொரு பிள்ளைகள். அவர்களை வேறொரு வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாயிற்று. வேன் எங்கே என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமல் முகவாயை நிலையத்து முற்றமான வளவுப் பக்கம் அசைத்தார்.

வளவில், விபத்தில் நசுங்கிய ஒரு லொறிக்குப் பக்கத்தில் வெள்ளை வேன் ஒன்று நின்றது. பின்கண்ணாடியில் யாரோ கையால் சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தார்கள்: உள்ளே பிள்ளைகல் உண்டு, மெதுவாக வரவும். 'கள்' இருக்க வேண்டிய இடத்தில் 'கல்' இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. (உண்மையில் எழுதியிருந்தது இந்த வாசகம் இல்லை. பிழையும் இந்தப் பிழை இல்லை. ஏன் மாற்றியிருக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.) திரும்பி வரும் பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியம் எனக்குள் தானாகவே உருவாகிவிட்டது: "'பிள்ளைகல்' என்று எழுதிக்கொண்டு ஓடிய அந்த வேனுக்குள் அன்று பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள்."

பிரதேசச் செய்திகளில் இப்படி ஒரு வரி எழுதக் கிடைப்பது அபூர்வம். வீதி திருத்தம், குடிநீர்ப் பிரச்சினை, பாடசாலை விளையாட்டுப்போட்டி என்று ஒரே அச்சில் எழுதி எழுதிக் கை மரத்துப்போயிருந்தது. அந்த வரியில் எனக்கு அவ்வளவு பெருமை.

சாரதியின் பெயரை நான் போடவில்லை. அது என்னுடைய சட்டம். இரண்டு வருடத்துக்கு முன் கண்டியில் ஒரு ஹோட்டலில் நிருபர்களுக்கு அவதூறுச் சட்டம் பற்றி ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். ரயிலில் போய், பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குறிப்புப் புத்தகத்தில் நாலு பக்கம் எழுதினேன். எழுதிய நாலு பக்கத்திலும் நான் மனதில் எடுத்து வந்தது ஒன்றுதான்: பெயர் போடாவிட்டால் வழக்கு வராது. அதற்குப் பிறகு சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் 'சாரதி ஒருவர்', 'வர்த்தகர் ஒருவர்', 'அதிபர் ஒருவர்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்தது. இணையத்திலும் போட்டார்கள். பத்து மணிக்குள் அது பெற்றோரின் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியது. என் மாணவி ஒருத்தியின் தாய் அதை எனக்கே அனுப்பி, கவனமாக இருங்கள் என்று எழுதியிருந்தார். நான் எழுதியது எனக்கே திரும்பி வந்ததில் பெருமையில் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். சாயங்காலம் வந்தபோது அதோடு ஒரு படமும் சேர்ந்திருந்தது. யாரோ ஒருவர் வீதியில் அந்த வேனுக்குப் பின்னால் போகும்போது கண்ணாடியைப் படம் பிடித்து, என் செய்திக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். இலக்கத் தகடும் தெளிவாகத் தெரிந்தது. பொலிஸில் இருக்க வேண்டிய வேன் எப்படி வீதியில் ஓடுகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் படியேறி வந்து கதவருகில் நின்றார். ஐம்பது வயது இருக்கலாம். கறுப்பு அபாயா, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. யாரோ மாணவியின் தாய் என்று நினைத்து உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். கடைசி வாங்கில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு முடியும்வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல், நான் கரும்பலகையில் எழுதியதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இறங்கிப் போன பிறகு எழுந்து வந்து உறைக்குள்ளிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது நீங்க எழுதினதுதானே தங்கச்சி?"

ஆமாம் என்றேன்.

"இது எங்கட வேன்."

அவருடைய கணவர்தான் ஓட்டுகிறாராம். இவர் கூடவே போய்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறாராம். பத்தொன்பது வருடமாக இதுதான் தொழில். செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, காணாமற்போன இன்சூரன்ஸ் கடுதாசிக்கு ஒரு முறைப்பாடு போடப் பொலிஸுக்குப் போயிருக்கிறார்கள். வளவுக்குள் வேனை நிறுத்திவிட்டு, இருவரும் உள்ளே வாங்கில் காத்திருந்திருக்கிறார்கள். பிடிபட்ட வேன் கட்டடத்துக்குப் பின்னால் நின்றதாம். நான் கான்ஸ்டபிளோடு பேசியதை இவர் பார்த்திருக்கிறார். வந்தது யாரோ ஆசிரியை என்று நினைத்தாராம்.

என் பிழை எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் வாயில் முதலில் வந்தது மன்னிப்பு இல்லை. "நான் யாரோட பேரும் போடலைங்களே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என்னை நிதானமாகப் பார்த்தார்.

"பேரு போட்டிருந்தா அந்த ஆளோட பேருதானே வந்திருக்கும். எங்களுக்கு ஒண்டும் ஆகியிருக்காது. நீங்க பேரைப் போடாம எங்கட வேனைப் போட்டிருக்கிறீங்க."

நான் துண்டைக் கையில் எடுத்தேன். என் பெயரும் அதில் இல்லை. 'மாத்தளை நிருபர்' என்றுதான் இருந்தது. அவர் யாரிடமும் விசாரிக்காமல் நேராக என்னிடம் வந்திருந்தார். இந்த ஊரில் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பதினான்கு பிள்ளைகளில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள் என்று சொன்னார். யாரும் சண்டைக்கு வரவில்லை. பாட்டி வீட்டில் தங்கப் போகிறான், அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்களாம். அதைவிடக் கணவரைப் பார்ப்பதுதான் தாங்கவில்லை என்றார். "அவர் வாழ்நாள்ல தொட்டதில்லை. எங்களுக்கு அது ஹராம். நேத்து ஜும்ஆத் தொழுகைக்குப் போய்ட்டு வந்தவர், செருப்பைக் கழற்றாமலே வாசல்ல உக்காந்துட்டார். என்னண்டு கேட்டா, பக்கத்துல தொழுதவர் தன்னை மோந்து பார்த்த மாதிரி இருந்திச்சாம்."

உடனே சரி செய்கிறேன் என்று சொன்னேன். எப்படி என்று எனக்குத் தெரியாது. அவர் போகும்போது படிவரை போய், "போய்ட்டு வாங்க தாத்தா" என்றேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றும் அண்ணனை நானா என்றும் கூப்பிடுவார்கள். நான் உரிமையோடு சொன்னதை அவர் மறுக்கவும் இல்லை, ஏற்றுக்கொண்டதாகக் காட்டவும் இல்லை.

அன்றே பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டுப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தேன். தாத்தா சொன்னது சரி. நேரமும் சரியாக இருந்தது. கொழும்பில் பிரதேசச் செய்திகளுக்குப் பொறுப்பான ஆசிரியரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். இணையத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிடலாம், மற்றதைத் திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். வரியை எடுத்தார்கள். ஆனால் முன்பே பிரதி எடுத்து வைத்த படங்கள் குழுக்களில் ஓடிக்கொண்டேதான் இருந்தன. அவற்றை எடுக்க யாராலும் முடியவில்லை.

திங்கட்கிழமை ஆசிரியரின் குரல் மாறியிருந்தது. நானாவின், அதாவது தாத்தாவுடைய கணவரின், தம்பி ஒரு சட்டத்தரணியைப் பிடித்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தார். பெரிய தொகை ஒன்றைக் கேட்டு, தராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு என்று எழுதியிருந்ததாம். பத்திரிகையின் சட்டத்தரணி இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஒன்று, நிருபர் அந்தக் குடும்பத்தோடு எதுவும் பேசக் கூடாது. மற்றது, மன்னிப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் பிழையை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"நீங்க பயப்பட வேணாம் மிஸ்" என்றார் ஆசிரியர். "நல்ல வேளை பேரு போடல. அது அவங்க வேனைப் பத்தினதே இல்லைன்னு சொல்லிடலாம்."

வெட்கத்தோடு சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அரை நாள் அந்த ஆறுதலோடு நடமாடினேன். பின்னேர வகுப்பில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. நீதிமன்றத்தில் நான் சத்தியம் செய்து, 'பிள்ளைகல்' என்று எழுதிய அந்த வேன் இவர்களுடையது இல்லை என்று சொல்ல வேண்டும். நான் என் கண்ணால் பார்த்து எழுதிய ஒரே வரி அது. கடைசி வாங்கைப் பார்த்தேன். தாத்தா உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பிள்ளை பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தது.

கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி இப்போது மாத்தளை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. மறுநாள் அவளைப் போய்ப் பார்த்தேன். பத்திரிகைக்கு ஏற்கெனவே சட்டத்தரணி இருப்பதால் உனக்காக ஆஜராக முடியாது, ஆனால் கூடப் படித்தவள் என்ற முறையில் கேள் என்றாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து செய்தியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். அந்த வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இதை எதுக்குடி போட்ட?"

"செய்திக்கு ஒரு உயிர் வரட்டும்னுதான்."

"உயிர் வந்திருச்சு. ஆளு மாறிப் போச்சு."

பிறகு விளக்கினாள். முன்பு அவதூறு குற்றமாகவும் இருந்தது, அந்தப் பிரிவை நீக்கிப் பல வருடமாகிவிட்டது, இப்போது யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆனால் நட்டஈடு கேட்டுப் போடும் வழக்கு அப்படியே இருக்கிறது. அதில் நீதிமன்றம் மூன்றைப் பார்க்கும். எழுதியது ஒருவரை மற்றவர்கள் பார்வையில் தாழ்த்துகிறதா? அது இன்னாரைப் பற்றியது என்று அவரைத் தெரிந்தவர்களுக்குப் புரிகிறதா? மூன்றாவது ஆள் ஒருவராவது அதைப் படித்தாரா? "இதுல பேருங்கிற சொல்லு எங்கயாச்சும் வந்துச்சா?" என்று கேட்டாள். வரவில்லை. ஒரு தெரு, ஒரு தொழில், ஒரு ஊனம், ஒரு எழுத்துப்பிழை போதும். வேறொன்றும் சொல்லாமல் 'அந்த வீதியில் உள்ள வைத்தியர்' என்று எழுதினால், அந்த வீதியில் மூன்று வைத்தியர்கள் இருந்தால், மூவரும் வந்து நிற்கலாம். பெயரை மறைத்தால் ஆபத்து குறைவதில்லை, சில சமயம் குற்றமே செய்யாதவர்கள் மேலும் அது பரவுகிறது.

எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லையே என்றேன். நம்முடைய சட்டத்தில் எண்ணமும் முக்கியம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் எழுத்து ஒருவரின் பெயரைக் கெடுக்கும்படி இருந்தால், எண்ணமும் இருந்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்ட வேண்டியது எழுதியவரின் பொறுப்பு. உண்மையைத்தான் எழுதினேன் என்றும் தப்ப முடியாது. கைது உண்மை, ஆனால் அது வேறொருவரைப் பற்றிய உண்மை. அது இவரைப் பற்றியதாகவே இருந்தாலும், உண்மை என்று மட்டும் சொன்னால் இங்கே போதாது. பொதுமக்களின் நன்மைக்காக எழுதினேன் என்றும் காட்ட வேண்டும். பொலிஸ்காரர் காட்டினார் என்பதும் சாட்டு இல்லை. "முகவாயை ஆட்டினார்னா அது தகவலா? இதுதானா வேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?" கேட்கவில்லை. சிங்களத்தில் அது மூன்று சொல். மூன்று சொல் கேட்க எனக்கு நேரம் இருந்தது.

மன்னிப்புப் பற்றிக் கேட்டேன். சட்டத்தரணிகள் ஒப்புக்கொள்ளாதே என்று சொல்வது வழக்கம்தான், ஆனால் பிழை இவ்வளவு அப்பட்டமாக இருக்கும்போது சீக்கிரமாக, நேர்மையாகத் திருத்துவது வழக்கிலும் உதவும் என்றாள். நான் எழும்பும்போது, "வழக்கை விடு. அந்த மனுஷனுக்கு இப்ப என்ன வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள்.

யாரும் கேட்டிருக்கவில்லை. ஆசிரியருக்குப் போன் பண்ணி, நான் அவர்களைப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். போக வேண்டாம் என்றார். போனால் என் வேலைக்குப் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். நீதிமன்றத்தில் கூப்பிட்டால் நடந்தது நடந்தபடி சொல்வேன், அந்த வேனைப் பார்த்துத்தான் எழுதினேன் என்பேன் என்று சொன்னேன். பிறகு, திருத்தமாக என்ன எழுதலாம் என்று ஒரு வரைவு அனுப்புகிறேன், அவர்கள் கோரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றால் போடலாம் என்றார்.

அவர் அனுப்பிய வரைவை எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வெளியே இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். வேன் முற்றத்தில் நின்றது. நானா என்னைக் கண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். தாத்தா பால் கலக்காத பிளேன்ட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு வரைவை வாசித்தார். "மேற்படி செய்தியில் குறிப்பிடப்பட்ட வாகனம் தொடர்பாக வாசகர்கள் சிலர் தவறான புரிதலுக்கு உட்பட்டிருப்பதாக அறிகிறோம்" என்று அது தொடங்கியது. இரண்டு தடவை வாசித்தார்.

"வாசிச்சவங்கதான் பிழையா விளங்கிட்டாங்களா?" என்று கேட்டார்.

அந்த வாக்கியத்தை என் பேனையாலேயே வெட்டினேன். அப்போதுதான் நானா அறையிலிருந்து வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒல்லியான மனிதர், தொப்பி போட்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் வரும்போது பேசிப் பேசிப் பார்த்த எந்த வாக்கியமும் வரவில்லை, "பிழை என்னுதுங்க நானா, நான் கேக்காம எழுதிட்டேன்" என்பது மட்டும்தான் வந்தது.

அவர் வேறொன்று கேட்டார்.

"திரும்பவும் போட்டா, தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிடாதா? குடிச்சவர் இவர் இல்லைண்டு எழுதுவீங்க. எல்லாரும் குடிச்சவர்ங்கிறதைத்தான் வாசிப்பாங்க."

அவதூறுச் சட்டம் பற்றி அன்றுவரை நான் கேட்ட கேள்விகளில் இதைவிடச் சரியான கேள்வி இல்லை. நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அதைத்தான் எழுதினோம். குடி, போதை, கைது என்ற சொற்கள் எதுவும் வரக் கூடாது. எந்தச் செய்தி என்று திகதியும் பக்கமும் மட்டும் சொல்ல வேண்டும். கண்ணாடியில் இருந்த வாசகத்தை மறுபடி எழுதக் கூடாது. நானா ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக உச்சரித்துப் பார்த்தார். வருந்துகிறோம் என்பதற்கு முன்னால் 'பிழை எம்முடையது' என்று இருக்க வேண்டும் என்று தாத்தா பிடிவாதமாக நின்றார். செய்தி வந்த அதே மூன்றாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வர வேண்டும் என்றும் சொன்னார். கடைசியில் நாலு வரி மிஞ்சியது. ஒரு வேன் பற்றி நாம் எழுதிய விவரம் பிழையானது, அந்த வேனுக்கும் அதன் உரிமையாளருக்கும் அச்செய்திக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, பிழை எம்முடையது, அவரிடமும் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். நான் எழுதியதிலேயே அதிக நேரம் எடுத்த நாலு வரி அதுதான்.

கொழும்பில் அதற்கு ஒரு வாரம் இழுபட்டது. 'மன்னிப்பு' வேண்டாம், 'வருத்தம்' போதும் என்றார்கள். தாத்தாவிடம் கேட்டேன். வருத்தம் யாருக்கும் வரும், தூரத்து உறவில் மௌத்து, சாவு என்றாலும் வரும் என்றார். அதை அப்படியே ஆசிரியரிடம் சொன்னேன். போனில் சிரித்தார், பிறகு விட்டுக்கொடுத்தார். நானாவின் தம்பிக்கு இது பிடிக்கவில்லை, வழக்குப் போட்டால் வெல்லலாம் என்றார். வழக்கு முடிய எத்தனை வருடம் என்று நானா கேட்டிருக்கிறார். தம்பி சொன்ன கணக்கில் வேனில் வரும் பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்கூடம் முடித்துப் போயிருப்பார்கள். கோரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

திருத்தம் மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதே அளவு எழுத்து. ஆனால் யாரும் அதைப் படம் பிடித்து யாருக்கும் அனுப்பவில்லை. என் மாணவியின் தாயிடமிருந்தும் அது எனக்கு வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு, பத்திரிகையில் பத்துப் பிரதி வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் என் பூசை முடிந்ததும் தாத்தாவோடு கிளம்பினேன். நின்றுபோன ஒன்பது பிள்ளைகளின் வீடுகளுக்கும் போனோம். வாசலில் நின்று, அந்த நிருபர் நான்தான், பிழையாக எழுதிவிட்டேன் என்று சொல்வேன். தாத்தா பக்கத்தில் நிற்பார். பெரும்பாலானவர்கள் எங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு தாய் மட்டும் மறைக்காமல், "நம்பலைன்னு இல்லைங்க, புள்ள விசயமில்லியா, பயந்துட்டோம்" என்றாள். அவள் பிள்ளை மறுநாளே வந்தது. நாலு பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் வேறு வேன் பேசிவிட்டார்கள்.

மிச்சம் இருந்ததைத் தீர்த்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. பிடிபட்ட சாரதியின் வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்கு வந்தபோது நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். திறந்த மன்றில் நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதினால் சட்டம் எழுதியவரைக் காப்பாற்றும் என்று என் தோழி சொல்லியிருந்தாள். பெயரை வாசித்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டம் விதித்து, அனுமதிப்பத்திரத்தையும் நிறுத்தி வைத்தார்கள். எனக்கு முன் வரிசையில் அவருடைய மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தது.

மத்தியானம் எழுத உட்கார்ந்தேன். பெயர், வயது, ஊர், வேனின் இலக்கம். எல்லாம் பதிவேட்டில் உள்ளபடி. அது உண்மை, பொதுநன்மை, சட்டப்படி சரி. ஆனாலும் அந்தப் பெயரைத் தட்டும்போது என் விரல் நின்றது. 'சாரதி ஒருவர்' என்று எழுதிவிடத்தான் கை போனது. அப்படி எழுதினால் ஊரில் எல்லோருக்கும் அது மறுபடியும் நானாதான். பெயரைப் போட்டேன். பூசைக்குப் போகும்போது அந்தக் குழந்தைக்காகவும் வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

அந்தச் செய்தி வந்த அன்றுதான் வட்ஸ்அப் குழுக்களில் யாரோ, அப்படியானால் மற்றவர் இல்லையா என்று கேட்டார். இல்லையாம் என்று இன்னொருவர் பதில் போட்டார். அவ்வளவுதான். எங்கள் நாலு வரியால் முடியாததை அந்த ஒரு பெயர் செய்தது.

நான் இன்னும் ஒரு வருடம் நிருபராக இருந்தேன். மெதுவான நிருபர் ஆகிவிட்டேன். இதுதானா, நீங்கள் பார்த்தீர்களா, வேறு யாரும் உண்டா என்று கேட்டுக் கேட்டு, மற்றப் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் என் செய்தி போகும். ஆசிரியர் குறைப்பட்டாலும் திட்டியதில்லை. பிறகு வகுப்புகள் கூடியதால் நானாகவே விட்டுவிட்டேன்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியபோது தாத்தாவிடம் போய்க் கேட்டேன். எழுதுங்க, ஆனால் எங்களை யாருக்கும் தெரியக் கூடாது என்றார். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். எதை மாற்ற வேண்டும் என்று அவர்தான் சொன்னார். வேனின் நிறத்தை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இரண்டு இடங்களைக் கேட்டுவிட்டு, இதை வாசித்தால் என் தங்கச்சிக்குத் தெரிந்துவிடும் என்றார். அவற்றை எடுத்துவிட்டேன். நானா வாசிக்கவில்லை, வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர்களிடம் பதின்மூன்று பிள்ளைகள் வருகிறார்கள். நின்றுபோனவர்களில் இரண்டு குடும்பங்கள் ஒரே ஒழுங்கையில் இருக்கின்றன. அவர்கள் திரும்பி வரவே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு அந்த வழிதான் கிட்ட. நானா இன்றைக்கும் சந்தியால் சுற்றித்தான் போகிறார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் வாசலில் நின்று கை காட்டுமாம். நிறுத்தவும் முடியாது, நிறுத்தாமல் போகவும் மனம் வராது என்றார்.